கிட்டுக்குத் தெரியாத ஃபைல்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சின்னவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வீடு முழுக்கப் பென்சில் சீவல்.

புது வேலையில், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) ஸ்டேட்டஸ் போட்டாலே பக்கம் முழுக்கச் சிவப்பாக அன்டிராக்டு ஃபைல்கள், அதாவது கிட் இன்னும் கணக்கில் எடுக்காதவை, வருகின்றன, எல்லாவற்றையும் கிட் கிளீன் போட்டுத் துடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். பொறு, அவசரப்படாதே. போன மாதம் நான் அதைத்தான் செய்தேன்.

பில்ட், அதாவது கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலை, மக்கர் பண்ணியது. எஃப், டி, எக்ஸ் மூன்றையும் சேர்த்து கிளீனை ஓட்டினேன். எஃப் என்றால் கட்டாயம் அழி, டி என்றால் ஃபோல்டரோடு அழி, எக்ஸ் என்றால், கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று நாம் எழுதி வைத்த இக்னோர் பட்டியலில் இருப்பதையும் விடாதே. பில்ட் சரியாகிவிட்டது. ஆனால் பாஸ்வேர்ட் மாதிரியான ரகசியச் சாவிகளை வைத்திருந்த டாட் என்வ் ஃபைலும், மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய இரண்டு டெஸ்ட் ஸ்கிரிப்டும் போய்விட்டன. கிளீன் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, கிட்டின் நடமாட்டக் குறிப்பேடான ரீஃப்ளாகிலும் இருக்காது. நாம் ஒரு தடவைகூடக் கொடுத்து வைக்காத ஃபைலை கிட் எங்கிருந்து திருப்பித் தரும்?

ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் பிழைத்தது. முந்தின நாள் அதை அடுத்த கமிட்டுக்காக (பதிவுக்காக) ஆட் செய்துவிட்டு, இந்த கமிட்டில் வேண்டாம் என்று ரீசெட் போட்டு வெளியே எடுத்திருந்தேன். ஆட் செய்த அந்த நேரத்திலேயே கிட் அதன் உள்ளடக்கத்தை ஒரு பிளாபாக, அதாவது பெயரில்லாத உள்ளடக்கத் துண்டாக, எழுதி வைத்துவிடுகிறது. கிட்டின் கிடங்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் சேர்த்து ஓட்டினேன். டாட் கிட் ஃபோல்டருக்குள் அனாதை பிளாப்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஃபைல் பெயர் எதற்கும் இல்லை, கிட் கணக்கிட்டுத் தரும் அடையாளமான 40 எழுத்து ஹாஷ் மட்டும்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, என் கோடைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அதனால் கிளீன் போடுமுன் எப்போதும் 'n' என்ற எழுத்தைச் சேர்த்து ஒரு தடவை ஓட்டு. எதையும் அழிக்காமல், எதெது போகும் என்று மட்டும் காட்டும். அப்புறம் அந்தச் சிவப்புப் பட்டியலைப் பிரி. பில்ட் உண்டாக்கும் ஃபோல்டர்கள் டாட் கிட்இக்னோருக்குப் போகட்டும், அது டீம் முழுக்கப் பொது. உன் சொந்தக் குறிப்புகளை டாட் கிட்டுக்குள் இன்ஃபோ ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்க்ளூட் ஃபைலில் எழுது. அது உன் மெஷினோடு நின்றுவிடும், யாரையும் தொந்தரவு செய்யாது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. மிச்சமிருப்பது நிஜமான வேலை என்றால் அன்றைக்கே ஒரு தனி பிராஞ்சில் (கிளையில்) கமிட் செய்துவிடு.

இன்னொன்று. செய்த மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க ஸ்டாஷ் என்று ஒன்று உண்டு; வெறும் ஸ்டாஷ் புது ஃபைல்களைத் தொடாது, யு சேர்த்தால்தான் அவற்றையும் எடுத்து வைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? டிக்கெட் போடுமுன் ஒரு வார்த்தை எழுது, சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்