வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு: 1565-க்குப் பிறகும் ராயர்கள் இருந்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

என் மகள் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் ஒரு மதிப்பெண் வினாக்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: ‘விஜயநகரப் பேரரசு வீழ்ந்த போர்?’ ‘தலைக்கோட்டை, 1565.’ அப்படியானால் 1614-ல் இந்த வேலூரில் இருந்து ஆண்டு மறைந்த விஜயநகர அரசர், அந்த ராயர் யார் என்று கேட்டேன். முழித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஏற்றத்தை நன்றாகவே எழுதுகிறீர்கள். 1336, ஹரிஹரர், புக்கர். ரோம் அளவுக்குப் பெரியது என்று போர்த்துக்கீசியர் பயஸ் வியந்த தலைநகர் ஹம்பி. 1520-ல் கிருஷ்ணதேவராயர் பிடித்த ராய்ச்சூர். குறையில்லை. இறக்கத்துக்கு மட்டும் ஏன் ஒரே நாள்? தலைக்கோட்டையில் தக்காணச் சுல்தான்களிடம் தோற்று, ஆட்சியை நடத்திவந்த ராமராயர் தலை போனதும் ஹம்பி சூறையானதும் உண்மை. ஆனால் அவர் தம்பி திருமலர், பேருக்கு அரசராக இருந்த சதாசிவரையும் கஜானாவையும் கொண்டுபோய் பெனுகொண்டாவில் சேர்த்தார். அதுவே புதுத் தலைநகர். அப்புறம் சந்திரகிரி, அதற்கும் அப்புறம் வேலூர். இரண்டாம் வேங்கடர் ஒருவரே ஏறக்குறைய 30 வருடம் ஆண்டார்.

வீடு இரண்டுபட்டது அவர் கண் மூடிய பிறகு. வாரிசுச் சண்டையில் புது அரசர் ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் ஜக்கராயன் என்ற பிரபுவின் தரப்பு வேலூரிலேயே கொன்றுபோட்டது. ஒரு பையன் மட்டும் தப்பினான். சலவைக்காரர் ஒருவர் துணிமூட்டைக்குள் வைத்துக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்தாராம். அந்தப் பையனுக்காக தளபதி யாச்சம நாயக்கரும் தஞ்சை நாயக்கர் ரகுநாதரும் ஒரு பக்கம், ஜக்கராயனோடு மதுரை, செஞ்சி நாயக்கர்கள் மறுபக்கம் என்று திருச்சிக்கு அருகே தோப்பூரில் மோதினார்கள். கப்பம் கட்டி, கூப்பிட்டபோது படை அனுப்ப வேண்டிய நாயக்கர்கள், யார் ராயர் என்பதைத் தாங்களே முடிவு செய்யக் கிளம்பிவிட்டார்கள். இதை விட்டுவிட்டு சுல்தான்களோடு பாடத்தை முடித்தால் பாதிக் கதைதான்.

1639-ல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரியும் ராயருக்குக் கீழிருந்த நாயக்கர்தான். முடிந்துபோன பேரரசு 74 வருடம் கழித்து எப்படி நிலம் கொடுத்தது என்று எந்தப் பிள்ளையும் வகுப்பில் கேட்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

நான் கேட்பது ஒரு பக்கம். கூடவே நாலு தலைநகரங்களையும் குறித்த ஒரு வரைபடம். அது வரும்வரை தேர்வில் 1565 என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் போய்விடுமே.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஒரு அப்பா