அர்த்தசாஸ்திரத்தில் ஒரு மார்க்குக்கு மேலும் இருக்கிறது

அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகளின் நோட்டைப் புரட்டினேன். உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் படிக்கிறாள். அரசை நடத்தும் முறையைச் சொல்லும் பழைய சமஸ்கிருத நூலான அர்த்தசாஸ்திரத்துக்கு அதில் நான்கே வரி. எழுதியவர் கௌடில்யர். அதிகரணங்கள் (பெரும்பிரிவுகள்) 15. சுவடி வெளிப்பட்டது 1905, மைசூர், ஷாமசாஸ்திரி. அச்சானது 1909. ஆண்டுகளுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. ஒரு மார்க் கேள்விக்கு இது போதும். நாளைக்கு அவள் ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறாளே, அதற்குப் போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பண்டிதமணி கதிரேசஞ்செட்டியாரின் தமிழாக்கத்தையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல வருடமாகப் படித்து வருகிறேன். ஷாமசாஸ்திரி நூலகராக இருந்த மைசூர் நூலகத்துக்கு அந்தச் சுவடியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். ஓலையில் இருந்தது, நம் பக்கத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து. நம் பக்கத்து ஆள் ஒருவர் கையிலிருந்து வந்த நூல் என்பதால் எனக்கு இதில் கூடுதல் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அதிகரணத்தின் எட்டாம் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்துக் காட்டியதுண்டா? அரசுப் பணத்தை அதிகாரிகள் தின்னும் வழிகள் நாற்பது என்று சொல்லி, ஒவ்வொன்றாக அடுக்குகிறது அது. முன்னால் வசூலானதைப் பின்னால் வரவு வைப்பது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது. உரிய காலத்தில் கொடுக்காமல் இழுப்பது. கொடுத்தது கொஞ்சம், எழுதியது நிறைய. ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வேறு பொருளைக் கணக்கில் காட்டுவது. இதை எழுதியவர் கணக்குப் பிள்ளைகளின் ஏட்டைப் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். எந்தத் தாலுகா அலுவலகத்திலும் இன்றைக்கும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தணிக்கை செய்யலாம்.

பட்டியலோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு அதிகாரி மேல் புகார் எழுந்தால், 'இவரால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லுங்கள்' என்று அவர் வேலை பார்த்த பகுதியில் அறிவிக்க வேண்டும். வந்து சொன்னவர்களுக்கு அவரவர் பட்ட நஷ்டத்துக்கு ஏற்ற ஈடு உண்டு. மோசடியைக் காட்டிக்கொடுத்து நிரூபித்தவருக்கு மீட்ட பணத்தில் ஆறில் ஒரு பங்கு. அடுத்த அத்தியாயத்தில்தான் அந்தப் பெயர்பெற்ற உவமை வருகிறது: தண்ணீருக்குள் திரியும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியாதோ, அப்படித்தான் பணியில் இருப்பவன் பணம் எடுப்பதும். இந்த உவமையை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். முன்னால் இருக்கிற ஏற்பாட்டை யாரும் சொல்வதில்லை.

முதல் அதிகரணத்தில் அரசனின் தினசரி நேர அட்டவணை வருகிற இடத்தில் இன்னொரு வரி உண்டு. வேலையாக வந்தவர்களை வாசலில் காக்க வைக்கக் கூடாது. பார்க்கவே கிடைக்காத அரசனை, பக்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமலும் செய்யக் கூடாததைச் செய்யவும் வைத்துவிடுவார்கள். 'காட்சிக்கு எளியன்' என்ற குறளை நீங்கள் தமிழ்ப் பாடத்தில் நடத்துகிறீர்கள். இந்த வரியையும் கூடவே நடத்தலாமே.

ஒரு பட்டா மாறுதலுக்காக நான் ஏழு முறை ஓர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். வராந்தாவில் கால் உடைந்த பெஞ்சு. 'சார் மீட்டிங்ல இருக்காரு' என்று வாசலில் நின்றவர் சொல்லுவார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி முதியோர் பென்ஷனுக்கு வந்தவர், மஞ்சப்பையில் ரேஷன் கார்டைச் சுற்றி வைத்திருந்தார். வாசலில் காக்க வைக்கக் கூடாது என்ற அந்த வரியை ஒட்டியே, யார் யார் காரியத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிற இடத்தில், சிறுவர், முதியவர், நோயாளி, துன்பப்பட்டவர், ஆதரவில்லாதவர், பெண்கள் என்று வருகிறது. அந்தப் பாட்டியின் முறை வருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

நூலைத் தூக்கி வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. எந்தக் குற்றம் செய்தாலும் பிராமணனை வதைக்கக் கூடாது என்று நான்காம் அதிகரணம் சொல்கிறது. மற்றவர்களை வதைத்து விசாரிக்கும் முறைகள் அதே அத்தியாயத்தில் வரிசையாக இருக்கின்றன. துறவி வேடத்தில் ஒற்றர்களை அனுப்பச் சொல்கிறது. பிறப்பைப் பார்த்துத் தண்டனையை ஏற்றி இறக்குகிறது. இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகளில் யாருடைய முன்னோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அவர்களுக்கே புரியும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 'சந்திரகுப்த மௌரியரின் அமைச்சர் எழுதியது' என்று அடித்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நூலுக்குள் சந்திரகுப்தன் பெயரும் இல்லை, அவன் தலைநகரான பாடலிபுத்திரமும் இல்லை. மௌரியருக்கு முன் ஆண்ட நந்தர்களிடமிருந்து நிலத்தை மீட்டவர் இயற்றியது என்று கடைசியில் ஒரு செய்யுள் உண்டு. இப்போதைய ஆய்வாளர்கள் பலர், நூல் இன்றைய வடிவத்துக்கு வந்தது மௌரியருக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் என்கிறார்கள். தேர்வுத்தாள் என்ன விடை கேட்கிறதோ அதை எழுதட்டும். விவாதம் இருக்கிறது என்பது தெரிந்தும் எழுதட்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு வகுப்பு, அரை மணி நேரம். அந்த நாற்பது வழிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எந்தெந்த வழியைத் தங்கள் ஊரில், தங்கள் வீட்டு வேலையாகப் போன இடத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். என் மகளிடமும் அப்படிச் சொல்ல ஒன்று இருக்கிறது. மூன்றாவது முறை அந்த அலுவலகத்துக்குப் போனபோது என்கூட வந்து அதே பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

அன்புடன்,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்