யூரிக் அமிலமும் இதயமும்: சொல்லாமல் விட்ட பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் நலவாழ்வுப் பகுதியில், இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடினால் மாரடைப்பு வரும் என்று ஒரு குறிப்பு அண்மையில் வெளிவந்தது. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் பலர் பரிசோதனைத் தாளும் கையுமாக அலைகிறார்கள். தோட்ட மருந்தகத்தில் உதவியாளராக, மக்கள் வாயில் டிரஸ்ஸராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடமும் சிலர் அந்தத் தாளை நீட்டுகிறார்கள். அந்தக் குறிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டது. அந்தப் பாதியை நம்பிச் சிலர் செய்யும் காரியங்கள் இதயத்துக்கு யூரிக் அமிலத்தைவிட அதிகக் கெடுதல் செய்யக்கூடியவை என்பதால்தான் இக்கடிதம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி ஓய்ந்த ஓர் அம்மா, "டிரஸ்ஸரையா, ஏழுக்கு மேல போனா ஆபத்துன்னு வாட்ஸ்அப்புல போட்டிருக்காங்க, எனக்கு 480 இருக்கே!" என்று கண் கலங்க வந்து நின்றார். செய்தியில் இருந்த ஏழு, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நம் மலேசிய ஆய்வுக்கூடங்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்றே எழுதித் தருகின்றன. மைக்ரோமோல் எண்ணை ஏறத்தாழ 60ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு கிடைத்துவிடும். அந்த அம்மாவின் 480 என்பது எட்டுதான். கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு யூரிக் அமிலம் ஓரளவு ஏறுவது இயல்பு. அவருக்கு அன்று உடனே கவனிக்க வேண்டியிருந்தது 168ஆக நின்ற மேல் இரத்த அழுத்தம். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

யூரிக் அமிலம் உடலுக்கு வெளியிலிருந்து வரும் நஞ்சு அன்று. நம் செல்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது மிஞ்சும் கழிவு அது. மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தாலும், உடல் பருத்து இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனாலும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற நீர் மாத்திரைகளைச் சாப்பிட்டாலும், ஏன், இதய நோயாளிகள் தினமும் விழுங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினாலும்கூட, அது இரத்தத்தில் தேங்கும். ஆகவே இதய நோயாளிகளிடம் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. இதயத்தைக் கெடுப்பவை எவையோ, அவையும் அவற்றுக்கான மருந்துகள் சிலவும் யூரிக் அமிலத்தையும் ஏற்றுகின்றன. செம்பனை ஓலை மஞ்சளித்தால் தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் மண்ணையும் உரத்தையும்தான் பார்ப்பார். ஓலைக்கு மருந்து தடவிக்கொண்டிருக்க மாட்டார்.

இந்தச் சிக்கலில் மருத்துவ உலகமே நெடுங்காலம் இரண்டுபட்டுக் கிடந்தது. 1999இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் யூரிக் அமிலத்துக்கென்று தனிப்பங்கு இல்லை என்றது. மறு ஆண்டே, அந்நாட்டின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவுகளை வைத்து வேறு இருவர், இதய நோய் மரணங்களோடு அதற்குத் தனித் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். யூரிக் அமிலம் இரத்தக்குழாய்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது என்று ஆய்வுக்கூடச் சான்றுகளும் வந்தன. தங்கள் குறிப்பு இந்த இடத்தோடு நின்றுவிட்டது.

நிற்கக் கூடாத இடம் அது. யூரிக் அமிலம்தான் குற்றவாளி என்றால், அதைக் குறைத்தால் மாரடைப்பு குறைய வேண்டுமல்லவா? அதையே பிரிட்டனில் சோதித்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டிய, இதயக் குழாய் நோய் உள்ள, ஆனால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்கும் கவுட் நோய் இல்லாத ஐயாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினோல் மாத்திரையை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரை கொடுத்து, மறு பாதியினரை வழக்கமான சிகிச்சையிலேயே விட்டுப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2022இல் முடிவு வந்தது: மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இதய நோய் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதற்கு எதிர்ப்புறமாக, யூரிக் அமிலத்தைத் துளியும் குறைக்காத, வீக்கத்தை மட்டும் தணிக்கும் கோல்ச்சிசின் மாத்திரை, நாள்பட்ட இதயக் குழாய் நோயாளிகளிடம் மாரடைப்பு போன்றவற்றைக் குறைத்ததாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்த கையோடு அதே மாத்திரையைத் தொடங்கிப் பார்த்த பிந்திய பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதை இன்னும் முடியவில்லை. ஆனால் எண்ணைக் குறைத்தால் இதயம் தப்பிக்கும் என்ற கணக்கு மட்டும் இதுவரை நிற்கவில்லை.

ஆகையால், கால்விரல் வீக்கமோ சிறுநீரகக் கல்லோ எதுவுமில்லாமல், தாளில் எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் அலோபுரினோல் கேட்டு கிளினிக்கில் வாதாடுவதை நம்மவர்கள் விட்டுவிட வேண்டும். அது நல்ல மருந்துதான். ஆனால் அரிதாகச் சிலருக்கு உடம்பெங்கும் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை அது உண்டாக்கும். யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது என்று எங்கோ படித்துவிட்டுத் தாமாகவே பிரஷர் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. மாற்ற வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்கலாம். லோசார்டன் போல, அழுத்தத்தோடு யூரிக் அமிலத்தையும் சற்றுக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.

உண்மையிலேயே கவுட் உள்ளவர்கள் கதை வேறு. நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறும் அந்த வலியைத் தோட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு யூரிக் அமிலத்தை 360க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம். 2022இல் வெளியான மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், கவுட் வலி வெடித்த அடுத்த இரண்டு மாதங்களில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்தது. ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? வலி வந்தால் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரை. அதுவும் கேட்காவிட்டால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பொட்டலம் கட்டி விற்கும் ஜாமு என்னும் நாட்டு மருந்துத் தூள். முன்னது சிறுநீரகத்தையும் இதயத்தையும் பதம் பார்க்கும், ஏற்கெனவே இதய நோய் இருந்தால் இன்னும் மோசம். பின்னதில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். தூளைக் குடித்த அன்றே வலி பறந்துபோவது அதனால்தான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவதும் அதனால்தான். மல் (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லாத எந்த மருந்துப் பொட்டலத்தையும் வீட்டுக்குள் விடாதிருப்பது நல்லது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருப்பையும் கீரையையும் தள்ளி வைத்துவிட்டு, பசியாறும்போது சுசு என்னும் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தே தாரேக் தேநீரும் மதியம் ஒரு டின் இனிப்புப் பானமும் குடிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. காய்கறியிலும் பருப்பிலும் உள்ள பியூரினால் கவுட் கூடுவதாக 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை; இறைச்சியும் கடலுணவுமே அதில் மாட்டிக்கொண்டன. சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் நேரடியாக யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. பீரும் சம்சு என்னும் மலிவுச் சாராயமும் அதை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. சாம்பாரில் குற்றமில்லை, ஐயா. ஈரலையும் நெத்திலியையும் அளவோடு சாப்பிட்டால் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இப்படிப்பட்ட குறிப்புகளை வெளியிடும்போது, அளவுகளை நம் கிளினிக்குகள் தரும் மைக்ரோமோல் கணக்கிலேயே அச்சிடுங்கள். யூரிக் அமிலம் கூடியவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், கொழுப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியை, கடைசியில் சிறு எழுத்தில் போடாமல், குறிப்பின் தலைப்பிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்