இரவில் வண்டியை நிறுத்தித் தூங்க ஓர் இடம் கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.
(முகாம்: திருவான்மியூர், சென்னை – 41)

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வாகனத்திலேயே தங்கிப் பயணம் செய்யும் குடும்பங்களுக்கு அடையாறு – திருவான்மியூர் பகுதியில் கட்டணமில்லா இரவு நிறுத்துமிடம் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்த மனுவும், அதன்பின் பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்களும். எதற்கும் பதில் வரப்பெறவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அரசுப் பேருந்தில் ஓட்டுநராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்காலப் பணத்தில், சினிமா படப்பிடிப்புக்கு ஓடிக்கொண்டிருந்த சிறிய கேரவன் ஒன்றை வடபழனியில் வாங்கினேன். பெயர் மாற்றம், தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் முறையாக இருக்கின்றன. உள்ளே இருவர் படுக்க மடக்குக் கட்டில், மின் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நாற்காலி உயரத்தில் ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். குந்த முடியாது, படி ஏற முடியாது. சர்க்கரைக்கு வேளை தவறாமல் இன்சுலின் போட வேண்டும். இந்த வண்டி வந்த பிறகுதான் அவர் வீட்டு வாசலைத் தாண்டி நாலு ஊர், நாலு கோயில் பார்க்கிறார்.

சென்னைக்கு நாங்கள் ஊர் சுற்ற வருவதில்லை. சர்க்கரையால் அவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டு, கண்ணுக்குள் ஊசி போடும் சிகிச்சை நடக்கிறது. அதற்காக வருகிறோம். வந்த இடத்தில் பேரப்பிள்ளையையும் பார்க்கிறோம். மகன் குடியிருப்பது திருவான்மியூரில், மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே கார் நிறுத்தும் தளத்தின் உயரம் ஏழடி; எங்கள் வண்டி ஒன்பதடி. ஆகவே மகன் வீட்டு வாசலுக்கு வந்தும் வண்டியில்தான் படுக்கிறோம். அந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த மனு.

தாங்கள் இந்தப் பகுதியைத் தெரு தெருவாக அறிந்தவர். எனவே இடங்களை விளக்கத் தேவையில்லை. நிலைமையை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. வெளியூர்களில் எங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டு, இரவு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டால் லாரிகள் நிற்கும் ஓரத்தைக் காட்டிவிடுவார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்துக் காவலாளி கேட்டைத் திறந்துவிடுவார். கோயில் ஊர்களில் வாகன நிறுத்துமிடங்களில் இரவு முழுக்க வேன்களும் பஸ்களும் நிற்கின்றன. பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். கன்னியாகுமரி வரை இப்படியே போய் வந்திருக்கிறோம். தலைநகருக்குள் நுழைந்த பிறகுதான் திண்டாட்டம்.

2. இங்கே பெட்ரோல் பங்குகள் சிறியவை. இரவில் சங்கிலி கட்டிவிடுகிறார்கள். எல்.பி. சாலையில் மெட்ரோ ரயில் பணிக்கான தடுப்புகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கம் தொடங்கி விரிவாக்கப் பணி. மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பகலிலேயே ஆட்டோ திரும்ப இடமில்லை. தியாகராய நகரின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் எங்கள் உயரத்துக்கு வழியில்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டலூருக்கு அப்பால் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணில் ஊசி போட்டவரை அங்கிருந்து தினமும் எப்படி அழைத்து வருவேன்?

3. எல்லாவற்றிலும் எங்களை வாட்டுவது நடு இரவில் எழுப்பி விரட்டப்படுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

கண் ஊசி போட்ட அன்று இரவு மனைவிக்குக் கண் உறுத்திக்கொண்டே இருக்கும். கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். புரண்டு புரண்டு படுத்து அவர் கண்ணயரவே பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். அதன்பின் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ கண்ணாடியில் தட்டுகிறார்கள். முதலில் விரலால், அடுத்துத் தடியால். திரை விலகியிருந்தால் டார்ச் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுகிறது. எந்தக் கண்ணுக்கு வெளிச்சமே ஆகாதோ அந்தக் கண்ணில். "உள்ளே எந்த நடிகர்?" என்று கேட்கிறார்கள். நடிகர் இல்லை, நோயாளி இருக்கிறார் என்றால் நம்புவதில்லை. ஆவணங்களைக் காட்டிய பிறகு, "சரி, ஆனால் இங்கே நிற்கக் கூடாது, எடுங்கள்" என்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்று கேட்டால், "அது எங்களுக்குத் தெரியாது". ரோந்து வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு உத்தரவு. அவர்களுக்கே தெரியாத இடம் எனக்கு எப்படித் தெரியும்?

எடுங்கள் என்றவுடன் எடுத்துவிட இது காரும் இல்லை. கட்டில் விரித்திருந்தால் ஓட்டுநர் இருக்கைக்குப் போக வழி கிடையாது. அவரை எழுப்பி, கைத்தாங்கலாகக் கழிப்பறை மேல் உட்கார வைத்து, மெத்தையைச் சுருட்டி, கட்டிலின் கொக்கியைக் கழற்றிச் சுவரோடு மடக்க வேண்டும். பாத்திர அலமாரிக்கு ரப்பர் கயிறு போட வேண்டும். போடாவிட்டால் முதல் வேகத்தடையில் எல்லாம் கீழே வரும். இன்சுலின் இருக்கும் ஐஸ் பெட்டியைச் சாயாமல் இடுக்கி வைக்க வேண்டும். மேல் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். அரை மணி நேர வேலை. இதற்குள் வெளியே இரண்டு முறை ஹாரன் அடித்து அவசரப்படுத்துவார்கள். பிறகு எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் போவேன். அங்கும் நிற்க விடுவதில்லை. அங்கிருந்து வால்மீகி நகர். குடியிருப்பவர்கள் பால்கனியிலிருந்து சத்தம் போடுகிறார்கள். தெரியாத வண்டி நின்றால் அவர்களுக்கும் பயம் இருக்காதா? அவர்கள் மேலும் தவறில்லை. கடைசியில் நீலாங்கரை தாண்டி சாலையோர மண்ணில் ஒதுக்கி நிறுத்துவேன். பக்கத்தில் மணல் லாரிகள் உரசிக்கொண்டு போகும், வண்டியே ஆடும். அங்கே கட்டிலை விரிக்க எனக்குத் துணிச்சல் வருவதில்லை. எந்த நேரம் பின்னாலிருந்து இடிப்பார்களோ என்று நான் ஸ்டியரிங்கிலேயே விழித்திருப்பேன்; அவர் உட்கார்ந்தபடியே, கால் வீங்க, விடியும் வரை இருப்பார். காலையில் மருத்துவர் "இரவு நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்கிறார். மனைவி என் முகத்தைப் பார்க்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, ஐயா. நான் பணியில் இருந்தபோது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எங்களிடம் வேலை வாங்கக் கூடாது. ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் நடுவே 9 மணி நேரம் தொடர் ஓய்வு தர வேண்டும். ஓட்டுநர் தூங்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அரசு அந்தச் சட்டத்தைப் போட்டது. தூங்காத ஓட்டுநரை இரவு இரண்டு மணிக்கு நகரச் சாலையில் ஓட வைப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

4. சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து வாகனங்கள் நிற்பதற்கான இடங்களைத் தீர்மானிக்கலாம், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்கூட அனுமதிக்கலாம் என்கிறது. வண்டியை இழுத்துச் செல்ல அதிகாரம் தரும் 127-ஆம் பிரிவு பேசுவது, 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வாகனத்தையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வாகனத்தையும். எங்கள் வண்டியில் ஆள் இருக்கிறது. ஓட்டுநரும் இருக்கிறார். தடை செய்யப்படாத இடம் எது என்று மட்டும் எல்லோரும் சொல்ல மறுக்கிறார்கள்.

5. அரசின் கொள்கையும் இதுதான். 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவையும் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. கேரளம் 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்து, வாகமணில் கேரவன் பூங்காவும் திறந்துவிட்டது. கேரவனில் வாருங்கள் என்று அரசு அழைக்கும். வந்தால் நகரம் விரட்டும் என்பது நியாயமா?

6. ஒதுக்கும் இடத்தில் மின் இணைப்பும் வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயுவே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. மே மாதச் சென்னையில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்க முடியாது. திறந்தால் கொசு, திருட்டுப் பயம். குளிர்சாதனத்துக்காக என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட விட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மின் செருகி உயிர்க்காப்பு. தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. நாங்கள் கேட்பது மாளிகை இல்லை. ஏழெட்டு வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஓர் இடம், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்தை ரயில்வே நிர்வாகத்திடம் பேசிக் கேட்கலாம். மாநகராட்சி மைதானம் எதன் ஓரமாக இருந்தாலும் சம்மதம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு விளக்கு, மேலே சொன்ன மின் இணைப்பு, கழிவைக் கொட்டப் பாதாளச் சாக்கடையோடு இணைந்த ஒரு தொட்டி. கழிவைத் தெருவில் விடுவார்கள் என்ற அச்சம் குடியிருப்போருக்கு இருக்கிறது, நியாயமான அச்சம். அதனால்தான் தொட்டி கேட்கிறேன். நான் கழிவுப் பெட்டியை மூடி போட்டுச் செய்யாறு வரை கொண்டுபோய்க் கொட்டுகிறேன். எல்லோராலும் அது முடியுமா? வண்டி எண், ஓட்டுநர் உரிமம், தங்குவோர் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வண்டி மூன்று இரவுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி போடுங்கள். மீறுகிறவருக்கு அபராதம் போடுங்கள், முதல் ஆளாக நானே ஆதரிக்கிறேன்.

கட்டணம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இரவில் அந்த இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. மருத்துவத்துக்கு வருகிறவன் லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்தத்தான் வண்டியில் படுக்கிறான். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டோம். மண்ணில் நிற்பதற்குப் பணம் வேண்டாம்.

ஐயா, முதல் மனுவை நேரில் கொடுத்தபோது "பார்க்கிறோம்" என்றார்கள். நினைவூட்டல் அனுப்பிவிட்டு நேரில் கேட்டால் கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவில், இது போக்குவரத்துக் காவல் சம்பந்தப்பட்டது என்றார்கள். அங்கே போனால் இடம் ஒதுக்குவது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தவன் நான்; கோப்பு எப்படி நகரும் என்று எனக்கும் தெரியும். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் நகரும். முடியாது என்றாவது எழுதிக் கொடுங்கள். அதற்குமா இத்தனை காலம்?

சாலிகிராமத் தெருக்களில் படப்பிடிப்புக் கேரவன்கள் இரவெல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வண்டிகளில் ஒன்றாக இருந்ததுதான் என் வண்டியும். அன்று நிற்க இடம் கிடைத்த அதே வண்டிக்கு, உள்ளே கண் தெரியாத ஒரு கிழவி படுத்திருக்கும்போது மட்டும் இடமில்லையா?

மன்னிக்க வேண்டும். மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன். தங்கள் மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை.

அடுத்த ஊசி அடுத்த மாதம் போட வேண்டும். அதற்குள் நிரந்தர இடம் முடியாவிட்டாலும், தற்காலிகமாக இரவில் மட்டும் நிற்க ஓர் இடத்தைக் குறிப்பிட்டு, ரோந்துப் பணியில் இருப்பவர்களிடம் காட்டும்படி ஓர் அனுமதிக் கடிதமாவது தந்து உதவுமாறு தங்களை மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஓர் இடம் ஒதுக்கித் தாருங்கள், ஐயா. இம்முறையாவது எழுத்துமூலம் பதில் தருமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: முந்தைய மனுவின் ஒப்புகைச் சீட்டு, பதிவுத் தபால் ரசீதுகள், வாகனப் பதிவுச் சான்று, மனைவியின் சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஓட்டுநர்
இடம்: சென்னை – 41