அந்த மஞ்சள் தண்ணீர்

அம்மாடி,

போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒன்று கேட்டாய். "அப்பா, சின்ன வயசுல கடலுக்குப் போனோமே, அந்த வீட்டுப் பாட்டி மஞ்சளா ஒண்ணு குடுப்பாங்களே, அதை எப்படிப் பண்றது?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை. எனக்கு மட்டும் அது மனசிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு அப்போது 9 வயது, தம்பிக்கு 5. நல்ல கோடை. பஸ்ஸை விட்டு இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீடு வரைக்கும் உச்சி வெயிலில் நடந்தோம். தம்பியை நான் தோளில் வைத்திருந்தேன். நீ முகமெல்லாம் சிவந்து, யாரோடும் பேசாமல் பின்னால் வந்தாய். வீட்டுக்கார அம்மா எங்களை ஒன்றும் கேட்கவில்லை. வாசல் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்த ஒரு கண்ணாடி ஜக்கைக் கொண்டுவந்து வைத்தார். நீ ஒரு மடக்குக் குடித்தாய். நிறுத்தினாய். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாய், உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று தேடுகிற மாதிரி. பிறகு மூச்சுவிடாமல் மீதியையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாய். அந்தப் பயணத்தில் எவ்வளவோ பார்த்தோம். எனக்குக் கண்ணிலேயே நிற்பது நீ டம்ளருக்குள் எட்டிப் பார்த்ததுதான்.

மூன்றாம் நாளிலிருந்து நீ அவர் சமையலறையிலேயே இருந்தாய். ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, கிண்ணத்தில் எலுமிச்சைத் தோலையும் சர்க்கரையையும் போட்டு விரலால் கசக்கிக்கொண்டிருப்பாய். அது உன் வேலை என்று அவர் கொடுத்திருந்தார். நீ தூங்கிய பிறகு போர்வையை இழுத்துவிடக் குனிந்தால் உன் கையில் எலுமிச்சை மணக்கும்.

ஆனால் உனக்கு அது ஞாபகமில்லை. எனக்கோ நீ கசக்கியது ஞாபகம் இருக்கிறதே தவிர, எதற்காகக் கசக்கினாய் என்பது அப்போது புரியவில்லை. ஊருக்கு வந்த பிறகு அம்மாவும் நானும் எத்தனையோ தடவை செய்து பார்த்தோம். சாறு பிழிந்து சர்க்கரை கலந்தால் அது சாதாரண எலுமிச்சை ஜூஸ். அந்த மணம் இல்லை. சரி, தோலையும் போடுவோம் என்று சர்க்கரைப் பாகில் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். வீடெல்லாம் மணந்தது, பானம் கசந்தது.

விஷயம் பிடிபட்டது இந்தக் கோடையில்தான். ஒரு ராத்திரி கரண்ட் இல்லை. மேசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தம்பி விளையாட்டாக எலுமிச்சைத் தோலை மடித்துச் சுடரின் பக்கத்தில் பிதுக்கினான். பொறி பொறியாகச் சீறி எரிந்தது. அவன் சிரித்தான், நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எரிந்தது எண்ணெய். எலுமிச்சையின் மணம் முக்கால்வாசியும் சாற்றில் இல்லை, மஞ்சள் தோலில் இருக்கும் பொடிப் பொடி எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. சர்க்கரை அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் உன்னைக் கசக்கச் சொல்லியிருக்கிறார். நான் கொதிக்கவிட்டபோது வீடு மணந்ததே, அது பானத்தில் இருந்திருக்க வேண்டிய மணம். ஆவியோடு போய்விட்டது.

இனி செய்முறை. நல்ல மஞ்சளாக, தோல் கொஞ்சம் தடித்த 6 பழம் எடுத்துக்கொள். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு. பீலரை வைத்து மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவு. அடியில் உள்ள வெள்ளை வரக்கூடாது, கசப்பு அங்கேதான். சீவிய தோலோடு 150 கிராம் சர்க்கரையைப் போட்டு 5 நிமிடம் விரலால் அழுத்திக் கசக்கு. சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி, லேசாக மஞ்சள் பாயும். அதை மூடிவைத்துவிட்டு உன் வேலையைப் பார். குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க. காலையில் திறந்தால் கிண்ணத்தின் அடியில் பளபளவென்று பாகு சேர்ந்திருக்கும், தோல் சுருண்டு கிடக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார், உனக்கு அந்த வாசல் நிழல் ஞாபகம் வரலாம்.

அப்புறம்தான் பழங்களைப் பிழிய வேண்டும். முதல் நாளே பிழிந்து வைக்காதே. எலுமிச்சைச் சாறு நின்றால் கசப்பு ஏறும். லிமோனின் என்று ஒரு பொருள், பிழிந்த பிறகு புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. விதையை நசுக்காமல், கடைசி சொட்டுவரை முறுக்காமல் மெதுவாகப் பிழி. அந்தச் சாற்றைச் சர்க்கரையில் ஊற்றிக் கரையும்வரை கலக்கி வடிகட்டு. ஒரு டீஸ்பூன் இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீர். அவ்வளவுதான். உப்பை விட்டுவிடாதே. மிச்சம் மீதிக் கசப்பை அடக்குவது அதுதான். கலக்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பயப்படாதே. குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், போதாததற்கு ஐஸும் கரையும்.

புதினாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுப் பின்பக்கத் தொட்டிகளில் இரண்டு வகை இருந்தது. பானத்துக்கு அவர் கிள்ளியது தண்டு கொஞ்சம் ஊதா ஓடிய வகை. பெப்பர்மின்ட். அதில்தான் மென்தால் அதிகம். மென்தால் எதையும் குளிரவைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பை அதுவே தொட்டு எழுப்புகிறது, அதனால் வாய்க்கு ஜில்லென்று படுகிறது. அந்த உணர்வைப் பிடிக்கும் புரதத்தை 2002-இல் மென்தாலை வைத்தே கண்டுபிடித்தார்கள். வெப்பம், தொடுதல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் செய்தவர்கள். படித்தபோது எனக்கு அந்த ஊதாத் தண்டுதான் கண்ணில் வந்தது. நீ ஒரு கொத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தட்டு தட்டிப் போடு. இடித்துப் போட்டால் பச்சை வாடைதான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெயிலில் போகாதே. ஐந்தாம் நாள் கடற்கரையில் எல்லாருக்கும் பாட்டிலில் நான்தான் எலுமிச்சை பிழிந்தேன், கையைத் துடைத்துக்கொண்டு சாயங்காலம்வரை மணலில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து விரலிடுக்கிலும் புறங்கையிலும் சிவந்து, பிறகு கோடு கோடாகக் கறுத்தது. ஜெல்லி மீன் என்றே நினைத்தோம். ஊருக்கு வந்து காட்டினால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வெயில்ல நின்னு எலுமிச்சை பிழிஞ்சீங்களா?" அந்தச் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடுமாம். கறை போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் இதைக் குடித்துச் சமாளிக்காதே, இதில் சர்க்கரை அதிகம். அதற்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் சரி. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக்கொள். இந்த அளவை எங்காவது குறித்து வை.

தோல் சீவும்போது பார்த்துச் சீவு, உனக்கு எதிலும் அவசரம். சாறும் தண்ணீரும் சேர்க்காத பாகு ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும், வேலையிலிருந்து வந்ததும் கலந்துகொள்ளலாம். சனிக்கிழமை ராத்திரி ஊறப்போடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறக்கும்போது எனக்கு வீடியோ கால் போடு, கிண்ணத்தின் அடியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா