அண்ணா, நீ போட்ட முடிச்சுகள் சரியாகத்தான் இருந்தன

அண்ணா,

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு வருஷமாக நீ கேட்டதும் நான் தட்டிக்கழித்ததும் நம் இருவருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. வரும் திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வருகிறேன். மேலே ரோட்டோரம் உனக்கு, கீழே ஓடைப்பக்கம் எனக்கு. சர்வேயர் நட்ட கல் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். மறுபடி அளக்கச் சொல்ல மாட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நம் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். சித்தப்பா வீட்டில் கட்டாயம் படிப்பார்கள். ஆகவே சில இடங்களைத் தொடாமல் தாண்டிப் போகிறேன், உனக்குப் புரியும்.

பத்திரத்தின் நகலைத் தேடிப் போன வாரம் என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். நகல் கிடைக்கவில்லை. ‘பனி’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் கிடைத்தது. உள்ளே ஒன்பது படங்கள். ஒன்பதிலும் நீ, அப்பாவின் கருப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு.

அது என் கடைசி வருஷத்து டிசம்பர் லீவு. கோவையில் என் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வகுப்பில் எல்லோரும் ப்ராஜெக்டுக்குத் திரையில் ரேஸ் கார், துப்பாக்கி என்று செய்துகொண்டிருந்தார்கள். நான் நம் தேயிலைத் தோட்டத்தின் பனிமூட்டத்தைச் செய்யப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பாடத்தில் சூத்திரம் இருக்கிறது. தூரம் கூடக் கூட ஒரு பொருளின் சொந்த நிறம் எத்தனை பங்கு மிஞ்சும், பனியின் நிறம் எத்தனை பங்கு வந்து சேரும் என்பதைச் சொல்லும் சூத்திரம் அது. ஆனால் அதில் பனி எவ்வளவு அடர்த்தி என்று ஒரு எண்ணைப் போட வேண்டும். எல்லோரும் கண்ணுக்கு அழகாகத் தெரியும்வரை அந்த எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து வைத்துவிடுவார்கள். எனக்கு நம் ஊர்ப் பனியின் எண்தான் வேண்டும். அதை அளந்தே ஆக வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீ எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. “எத்தன மீட்டர் வேணும்?” என்றாய்.

அன்றைக்கு வண்டி ஓட்டப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டாய். விடியற்காலையில் நைலான் கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாய். ஏன் என்றேன். “நனஞ்சா நீளம் மாறும். நனச்சுட்டு அளந்து முடிச்சுப் போட்டாத்தான் பனியில சரியா இருக்கும்.” பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்புத் துணி. மொத்தம் எட்டு. வீட்டு வாசலிலிருந்து பெரிய சில்வர் ஓக் மரம் வரை பாதையோரமாக விறைப்பாக இழுத்துக் கட்டினாய். நான் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, அது தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காதபடி பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ முதலில் வாசலிலேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு முடிச்சாகப் போய் நின்று குடையை விரித்தாய். நான் “சரி” என்று கத்தினால் அடுத்த முடிச்சு. ஆறாவது முடிச்சில் உன் கால்கள் தெரியவில்லை. எட்டாவதில் குடை இருந்த இடத்தில் லேசான ஒரு கறை.

திரும்பி வந்து கேமராவில் வரிசையாகப் பார்த்தாய். “தூரம் போகப் போக கருப்பு வெளுத்துல்ல போகுது” என்றாய். பொருளைப் பனி இருட்டாக்குவதில்லை, தன்மேல் விழும் வெளிச்சத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் நிரப்புகிறது. எங்கள் வகுப்பில் அது பலருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. நீ பார்த்ததும் சொன்னாய். இருபது மீட்டருக்குப் பாதி போகிறது என்று வைத்துக்கொள், அடுத்த இருபதில் மிச்சத்தில் பாதி போகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எம்பது மீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு. எப்பவுமே முழுசாப் போகாது” என்றாய். பிளஸ் டூ கணக்கில் நீ வாங்கிய மார்க்கை நான் வாங்கவில்லை. இதை எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அன்று மத்தியானம்தான் நான் உன்னைத் திட்டினேன். ஒவ்வொரு படத்திலும் மிஞ்சிய கருப்புக்கு லாக் (மடக்கை) எடுத்துத் தூரத்தோடு வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. பக்கத்து முடிச்சுகளில் கோடு சடாரென்று இறங்கி, போகப் போக நிமிர்ந்தது. முதல் இரண்டு முடிச்சையும் நீ தள்ளிப் போட்டுவிட்டாய் என்று முடிவு கட்டினேன். “ஒரு கயித்தக்கூட ஒழுங்கா அளக்கத் தெரியாதா?” என்றேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நீ பேசாமல் போய் டேப்பை எடுத்துவந்து கயிறு முழுவதையும் என் எதிரில் மறுபடி அளந்து காட்டினாய். சரியாக இருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. கட்டும்போது தளர்ந்திருக்கும் என்றேன்.

தவறு என்னுடையது, அண்ணா. கேமரா தரும் படத்தில் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்கள் 0 முதல் 255 வரை. 128 என்றால் பாதி வெளிச்சம் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அப்படி இல்லை. மனிதக் கண் இருண்ட நிறங்களுக்கு நடுவில் உள்ள வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்ப்பதால், அதற்கு ஏற்றபடி எண்களை வளைத்துத்தான் சேமிக்கிறார்கள். காமா என்று பெயர். 128 என்பது உண்மையில் முழு வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம். அந்த வளைவை நிமிர்த்திவிட்டு அதன்பிறகு கணக்குப் போட வேண்டும். ஜனவரியில் ஹாஸ்டலில், ராத்திரி ஒரு மணிக்கு நிமிர்த்திப் பார்த்தேன். ஒன்பது புள்ளிகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி உட்கார்ந்தன. அந்த ராத்திரியே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். காலையில் வண்டியில் இருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன.

இன்னொன்றும் இருக்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று என் சிபியூவைச் சாக்கில் கட்டி, அரவேனு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நீ. லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தாய். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் படத்தைப் பார்த்து, குடையோடு நிற்பது யார் என்று கேட்டார். “தோட்டத்தில் வேலை செய்பவர்” என்றேன். உன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது, பொய் ஒன்றும் சொல்லவில்லையே, அண்ணன் தோட்டத்தில்தானே வேலை செய்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த வகுப்பில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை நீ பார்த்ததில்லை. மற்றவர்கள் இங்கிலீஷில் சிரிக்கும்போது எதற்கு என்று தெரியாமல் நானும் சிரிப்பேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் நீயும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. என் படிப்பைப் பற்றி ஊரில் என்ன சொன்னாய்? “கம்ப்யூட்டர்ல வெளையாடுற படிப்பு.” கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில். ஒரு செமஸ்டர் முழுக்க நான்குக்கு நான்கு மேட்ரிக்ஸை, அதாவது எண் கட்டங்களை, கையால் பெருக்கினேன். ஒரு நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். அதற்குள் நம் தோட்டத்து ஒவ்வொரு செடியும் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறது, பனி எவ்வளவு தின்றது என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். இதுவா விளையாட்டு? அம்மா படுத்திருந்தபோது நீ சொன்ன வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன். அதில் என் வேலையையும் இழுத்தாய். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நீ படிக்காமல் நின்றது என்னால் அல்ல. அப்போது எனக்குப் 13 வயது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஃபீஸ் கட்டும்போதும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நான்தான் எதையோ பறித்துக்கொண்டேன் என்று நினைத்தே வளர்ந்தேன். பாகம் பிரிக்கும்போது நீ அளந்ததை நம்பாமல் வேறு ஆளை வைத்து அளக்கச் சொன்னேனே, அதற்குள்ளும் இந்தக் கோபம்தான் இருந்தது. பணமா என்று சித்தப்பா கேட்டார். பணம் இல்லை. இரண்டாவது சர்வேயரும் அதே இடத்தில்தான் கல்லைக் காட்டினார்.

முதல் வருஷம் ஒரு டீப்பாட்டைத் திரையில் வரைந்து காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் செய்தது, கிராஃபிக்ஸ் படிக்கிற எல்லோரும் அதை ஒருமுறையாவது வரைந்துவிடுவார்கள் என்றேன். “அங்கயும் டீதானா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அதன் பளபளப்புக்கான கணக்கை அதே பல்கலைக்கழகத்தில் வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங் செய்தார், அந்தக் கட்டுரை அச்சான அதே வருஷம் இறந்துபோனார் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாய். “வயசு என்ன?” என்றாய். 32 என்றேன். “வியட்நாம்லயும் தேயில இருக்கே. நனஞ்ச எல எப்படி மின்னும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாய். என் படிப்பைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அது. அப்படிப் பேசத் தெரிந்தவன் ஏன் கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னாய்?

அந்த ப்ராஜெக்டை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடும்படி நேற்றுதான் திருத்தி முடித்தேன். நான்கு நிமிஷம் ஓடும். வாசலிலிருந்து சில்வர் ஓக் வரை நடக்கலாம். எட்டு முடிச்சும் சிவப்புத் துணியோடு இருக்கின்றன. கடைசியில் பெயர்கள் வரும் இடத்தில் ‘அளவு எடுத்தவர்’ என்று போட்டு உன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நீ அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நானும் காட்டியதில்லை.

திங்கட்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். பத்திர வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். லேப்டாப் கொண்டுவருகிறேன். நான்கு நிமிஷம் உட்கார்.