மகளுக்கு, கசெட் பூட்டுவது பற்றி

அன்பு மகளுக்கு,

சைக்கிள் பின் சில்லின் கசெட்டை, அதுதான் அந்தப் பல்சக்கர அடுக்கை, கழற்றிப் பரப்பிவிட்டு "அப்பா, எது முதல்?" என்று படம் அனுப்பினாய். அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை, வட்ஸ்அப்பும் பார்க்கவில்லை. வேலை கூடவாக்கும். சரி, எழுதிவிடுகிறேன், ஆறுதலாக வாசி.

சில்லின் நடுவில் கசெட் ஏறுகிற ஹப்பைத் துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் பூசு. இங்கே கடல் உப்பு, அங்கே பனிக்கு றோட்டில் கொட்டுகிற உப்பு, இரண்டும் இரும்பைத் தின்னும். ஹப்பில் நீளவாட்டில் பள்ளங்கள் இருக்கும், அதில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபடும். பல்சக்கரத்தின் உட்பக்கமும் அப்படித்தான். இரண்டும் நேர் வந்தால் தானாக வழுக்கி உள்ளே போகும், வராவிட்டால் சுத்தியலை எடுக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். பெரிய சக்கரம் சில்லுக் கம்பிப் பக்கம், பல்லின் எண்ணிக்கை குத்தின முகம் வெளியே. பெரியவை ஆணி அடித்து ஒரே கட்டாக இருக்கும், அதைப் பிரிக்கப் போகாதே. அதன் பிறகு ஸ்பேசர் என்கிற இடைவளையம், சக்கரம், ஸ்பேசர், சக்கரம் என்று போய், கடைசி 11 பல் சக்கரத்தில் ஸ்பேசர் அனேகமாக அதோடேயே ஒட்டியிருக்கும்.

ஒரு ஸ்பேசர் குறைந்தாலும், எல்லாவற்றையும் வெளியே இருந்து பூட்டுகிற லொக்ரிங் இறுகின மாதிரி இருக்கும், சக்கரங்கள் உள்ளே ஆடும், கியரும் ஒழுங்காக விழாது. உன்னுடைய படத்தில் ஒன்று குறைகிற மாதிரி இருந்ததால் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் தரை தெரிந்தது. சீமெந்துத் தரை, மேலே கூரையோடு ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். யாருடைய பேஸ்மென்டிலோ வைத்துத் திருத்துகிறாய் என்று அம்மாவுக்குச் சொன்னேன். பன்னிரண்டாம் மாடியில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு பேஸ்மென்ட் என்று அம்மா கேட்கவில்லை. ஸ்பேசர் கதிரைக்குக் கீழே உருண்டிருக்கும், தேடு.

வேறு சில்லு வாங்கினேன் என்றும் எழுதியிருந்தாய். பழைய சில்லு எங்கே என்று நான் கேட்கவில்லை. புதுசு றோட் சைக்கிளின் 11 கியர் ஹப் என்றால் உன் 9 கியர் கசெட்டுக்குப் பின்னால் முதலில் 1.85 மில்லிமீற்றர் ஸ்பேசர் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

லொக்ரிங்கை முதலில் கையால் வலப்பக்கம் சுற்று, புரி நேராகப் பிடித்த பிறகு சாவி. இறுக்கும் அளவு 40 நியூட்டன் மீற்றர். கடைசியில் கறுக் கறுக் என்று சத்தம் வரும், அது அதன் பற்கள், பயப்படாதே. சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் செயின் துண்டு பூட்டின இரும்புப் பிடி கழற்றத்தான் வேண்டும், பூட்டுவதற்குத் தேவையில்லை. எல்லாம் முடிந்ததும் கையால் ஆட்டிப் பார். சில்லு மாறியிருப்பதால் பெரிய பல்லில் செயினை வைத்து மெதுவாகச் சுற்றி, கியர் மாற்றும் கை கம்பியில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும், முட்டினால் அந்தக் கையில் 'L' என்று குறித்த எல்லை ஸ்குரூவைத் திருத்தாமல் ஏறாதே. ஆட்டிப் பார்க்க மறக்காதே.

2022இல் பெட்ரோல் இல்லாமல் கொழும்பே வரிசையில் நின்றபோது நீ வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே கோட்டைக்கு மிதித்துப் போய் வந்தாய். ஒழுங்கையில் எத்தனை பேருக்குச் செயின் போட்டுக் கொடுத்தாய். அந்தப் பெருமையை நான் இன்னும் ஆட்களிடம் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வரி எழுதாமல் இருப்பது சரியில்லை. மருமகனும் இந்தக் கிழமை எடுக்கவில்லை, முன்னர் ஞாயிறுதோறும் எடுப்பார்.

லொக்ரிங் சாவி ஒன்று இங்கே வாங்கி வைத்திருக்கிறேன், அம்மாவும் மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. பார்சல் கட்டியாயிற்று. விலாசம் மட்டும் எழுதவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று நீயே எழுது, எதுவானாலும் பரவாயில்லை.

அப்பா